பிரெஞ்சு தெரியும், மீட்டிங்கில்தான் வாய் வராது

கேள்வி: மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் ஓர் அரசு அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு ரோஸ் ஹில்லில். வீட்டில் பேசுவது எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோல். பாட்டி இருந்தவரை கொஞ்சம் தமிழும் உண்டு. எச்.எஸ்.சி. வரை தமிழ் படித்தேன். ஃபைல், மெமோ, அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறேன், யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் வியாழக்கிழமை மீட்டிங் பிரெஞ்சில் நடக்கும். அங்கே உட்கார்ந்தால் வாய் வராது. மனதுக்குள் வாக்கியத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடும். ஒருமுறை ஆண்பால் சொல்லைப் பெண்பாலாகச் சொல்லிவிட்டேன். சக ஊழியர் ஒருவர் எல்லார் முன்னாலும் திருத்தினார், இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மினிட்ஸ் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது பதவி உயர்வுக்கான நேர்முகம் வரப்போகிறது. நம் நாட்டின் இரண்டு ஆட்சிமொழிகளில் ஒன்று எனக்கு வராது என்றுதானே அர்த்தம்? பிரெஞ்சு வகுப்பில் சேரட்டுமா? இந்தக் கடிதத்தில் தமிழ்ப் பிழைகள் இருந்தால் மன்னிக்கவும்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்வோம். மொரீஷியஸ் அரசியலமைப்புச் சட்டம் நாட்டுக்கென்று எந்த ஆட்சிமொழியையும் அறிவிக்கவில்லை. அதன் 49ஆம் பிரிவு நாடாளுமன்றத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது: அவையின் மொழி ஆங்கிலம், விரும்பும் உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம். உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஆனால் அங்கே புரட்டப்படும் சிவில் சட்டத் தொகுப்பு பிரெஞ்சில் இருக்கிறது. 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனபோது, குடிமக்கள் தங்கள் சட்டத்தையும் சமயத்தையும் வழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று சரணடைவு உடன்படிக்கையில் எழுதிக்கொடுத்ததால் வந்தது அது. எழுதுவதற்கு ஆங்கிலம், மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் பிரெஞ்சு, டீ குடிக்கப் போனால் கிரியோல் என்று உங்கள் அலுவலகத்தில் நடப்பது வெறும் வழக்கம். உங்கள் மீட்டிங் பிரெஞ்சில்தான் நடக்க வேண்டும் என்று ஏதாவது சர்க்குலர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாத விதியை மீறிவிட்டதாகப் பயப்படுவதுதான் இதில் பாதி.

மீதிப் பாதி பள்ளியிலிருந்து வருகிறது. 4ஆம் வகுப்பிலிருந்து பயிற்றுமொழி ஆங்கிலம். பிரெஞ்சு ஒரு பாடம். அதில் உங்களுக்குக் கட்டுரையும் இலக்கணமும் வந்தன. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மரியாதையாக இடைபுகுவது எப்படி, ஒரு கணக்கை மறுப்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. வீட்டில் பிரெஞ்சு பேசும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டு மேஜையிலேயே இலவசமாகக் கிடைத்தது. வியாழக்கிழமை மீட்டிங்கில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைத்தான், அறிவு வித்தியாசத்தை அல்ல.

உங்களுக்கு இருப்பது மொழிக் குறையா, மொழிப் பயமா என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க் பேச்சைப் பற்றி 1966இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சிறிய சோதனை வைத்தார். இரண்டு விதமாக உச்சரிக்கப்படும் 18 சொற்களை வாசித்துக் காட்டினார். எது சரி, நீங்கள் சொல்வது எது என்று கேட்டார். இரண்டு பதிலும் எத்தனை சொல்லில் ஒத்துப்போகவில்லையோ, அதுவே அந்த ஆளின் மொழிப் பயத்தின் அளவு. அதிக மதிப்பெண் வாங்கியது ஏழைகள் அல்ல, பணக்காரர்களும் அல்ல. ஏணியின் நடுப்படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்த கீழ் நடுத்தட்டு மக்கள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் ஃபைல்களில் அடிக்கடி வரும் 18 பிரெஞ்சுச் சொற்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே “சரியானது” என்று நீங்கள் நினைக்கும் உச்சரிப்பும், உங்கள் வாயில் வருவதும். பிறகு போனில் ரெக்கார்டரைப் போட்டு, அறையில் தனியாக, போன வாரம் மீட்டிங்கில் பேசப்பட்ட ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பிரெஞ்சில் பேசுங்கள். குறிப்பு எழுதி வைத்து வாசிக்கக் கூடாது. மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்டால் குறை மட்டும்தான் காதில் விழும். முதல் ஒரு நிமிடத்தை அப்படியே காகிதத்தில் எழுதி, தடுமாறிய இடங்களில் குறி போடுங்கள்: சொல் கிடைக்கவில்லையா, பால் தவறா, வினையா, ஒலியா, அல்லது சரியாகச் சொன்னதையே சந்தேகப்பட்டுத் திருப்பிச் சொன்னீர்களா? தனியாகப் பேசும்போது சரளம், மீட்டிங்கில் மௌனம் என்றால் அது பயம். தனியாகவும் சொல் கிடைக்காமல் நின்றால் அது குறை. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதல் வகைதான் என்று தோன்றுகிறது: பிறர் பேசுவது முழுக்கப் புரியாமல் பிரெஞ்சு மீட்டிங்குக்கு ஆங்கிலத்தில் மினிட்ஸ் எழுத முடியாது.

அந்த மினிட்ஸ் விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். மினிட்ஸ் எழுதுபவருக்குக் கை உண்டு, வாய் கிடையாது. தலை குனிந்தே இருப்பதால் உங்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி வராததால் பயம் ஒரு வாரம்கூடச் சோதிக்கப்படுவதில்லை, அதனால் குறைவதும் இல்லை. மேலதிகாரி கண்ணில் நீங்கள் “நன்றாக எழுதுவார், பேசமாட்டார்” என்று பதிந்துபோகிறீர்கள். நேர்முகத்தில் உங்களுக்கு எதிராக வேலை செய்யப்போவது இந்தப் பெயர்தான், பிரெஞ்சு இலக்கணம் அல்ல. மினிட்ஸை ஒரேயடியாக உதறவும் வேண்டாம். மாதத்தில் நான்கு மீட்டிங் என்றால் இரண்டுக்கு நீங்கள், மற்ற இரண்டுக்கு வேறொருவர் என்று முறை வைக்கச் சொல்லுங்கள். காரணமாக “பொறுப்பு எல்லாருக்கும் பழக வேண்டும்” என்பது போதும். மொழியை அங்கே இழுக்காதீர்கள்.

இனி வாய்க்கு வருவோம். கிரியோல் தாய்மொழியாக உள்ளவர்கள் பிரெஞ்சு பேசும்போது வழக்கமாக நான்கு ஒலிகள் மாறும். ‘ஷ’ என்பது ‘ஸ’ ஆகும். ‘ஜ’ என்பது அதிரும் ‘ஸ’ ஆகும், அதாவது கிரியோலில் லாகாஸ் என்பதன் கடைசி ஒலி. உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘ஈ’ வெறும் ‘ஈ’ ஆகும். உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘ஏ’ வெறும் ‘ஏ’ ஆகும். பெரும்பாலானவர்கள் ‘ஷ’, ‘ஜ’ இரண்டைத்தான் முதலில் திருத்தப் பார்க்கிறார்கள், அவைதான் காதில் பளிச்சென்று விழும் என்பதால். அது வீண் உழைப்பு. அவை மாறினால் நீங்கள் மொரீஷியஸ்காரர் என்று தெரியும், அவ்வளவுதான். அதைத் தெரியாமல் வைக்க வேண்டிய அவசியம் என்ன? அலுவலகத்தில் பொருளையே மாற்றுவது நான்காவது ஒலி.

உதாரணம் பாருங்கள். “ஜ ஃபினி ல ரப்போர்” என்றால் அறிக்கையை முடித்துக்கொண்டிருக்கிறேன். “ஜே ஃபினி ல ரப்போர்” என்றால் முடித்துவிட்டேன். முதல் அசையில் உதடு குவியாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மேலதிகாரி அறிக்கை தயார் என்று நினைத்து மதியமே கேட்பார். அதே போல “ல தோஸ்யே” ஒரு ஃபைல், “லே தோஸ்யே” பல ஃபைல்கள். பிரெஞ்சில் பன்மையின் ‘ஸ்’ காதில் கேட்காது என்பதால் ஒருமை பன்மை முழுவதும் இந்தச் சின்ன அசையின் தலையில்தான் இருக்கிறது. பயிற்சி எளிது: நீட்டி ‘ஏ’ என்று சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஓ’வுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் நல்லது, பலருக்கு உதட்டோடு நாக்கும் பின்னால் நழுவி வெறும் ‘ஓ’ வந்துவிடும். வந்ததும் “ஜ – ஜே, ல – லே” என்று பத்து முறை. பிறகு உங்கள் ஃபைலிலிருந்தே ஐந்து வாக்கியங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் போகும்போது உதட்டை மட்டும் அசைத்துக்கூடச் செய்யலாம்.

குவித்த ‘ஈ’யைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பயம் உள்ளவர்கள் இதை வேண்டாத இடத்திலும் போட்டுவிடுவார்கள். “பீர்” என்றால் மோசமானது; உதட்டைக் குவித்தால் அதுவே தூய்மையானது. “நிலைமை இன்னும் மோசம்” என்று சொல்ல வந்து “நிலைமை இன்னும் தூய்மை” என்று முடியும். லபோவின் நடுப்படி மக்களும் இதைத்தான் செய்தார்கள்: மேலே இருப்பவரைவிட ஒரு படி அதிகமாகச் சரியாகப் பேசப்போய் மாட்டிக்கொண்டார்கள். சந்தேகமாக இருந்தால் உங்கள் இயல்பான ஒலியிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கும் வீட்டு மொழி பெரும்பாலும் கிரியோல்தான், அவர் புரிந்துகொள்வார்.

அடுத்து, உங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கிய பால். கிரியோலில் பால் கிடையாது, தமிழில் பொருளைப் பார்த்தே பால் தெரிந்துவிடும். பிரெஞ்சில் மேஜை பெண் என்பதற்குக் காரணம் கேட்டால் பிரெஞ்சுக்காரரே விழிப்பார். ஆனால் உங்கள் கிரியோலுக்குள்ளேயே விடை பாதி ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சிலிருந்து சொற்களை எடுத்தபோது கிரியோல் பலவற்றை அவற்றின் முன்னொட்டோடு சேர்த்தே விழுங்கிவிட்டது. லாதாப், லாபோர்ட், லாசால், லால்வா, லாபே: மேஜை, கதவு, அறை, சட்டம், சம்பளம். ‘லா’வில் தொடங்கும் இவை எல்லாம் பிரெஞ்சில் பெண்பால். திரி, திப்பேன், திதே, திலே: அரிசி, ரொட்டி, தேநீர், பால். ‘தி’யில் தொடங்கும் இவை ஆண்பால். நாக்கில் இருக்கும் கிரியோல் சொல்லைக் கேட்டுக்கொண்டே பிரெஞ்சுச் சொல்லின் பாலைச் சொல்லிவிடலாம். பொறிகளும் உண்டு. லார்ஸான், அதாவது பணம், ஆண்பால். அங்கே ‘ஆ’ சொல்லுக்கே சொந்தமான எழுத்து, முன்னொட்டு வெறும் ‘ல்’தான். திலோ, தண்ணீர், பெண்பால்.

அலுவலகச் சொற்களுக்கு வால் பார்த்தால் போதும். ‘ஸ்யோன்’ என்று முடிபவை (தெசிஸ்யோன், கொமிஸ்யோன், அத்தோரிஸாஸ்யோன்) பெண்பால். ‘மான்’ என்று முடியும் பெயர்ச்சொற்கள் (பெமான், ரெக்லமான், தெப்பார்த்தமான்) ஆண்பால். இதற்கு விலக்கு ஜ்யூமான், பெண்குதிரை. அது ஷான் த மார்ஸ் பந்தயத்தில் ஓடுமே தவிர உங்கள் மீட்டிங்குக்கு வராது. ‘ஆஜ்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால் (பூர்சான்தாஜ்). பக்கம் என்ற பொருள் தரும் பாஜ் போன்ற சில மட்டும் பெண்பால். ‘தே’ என்று முடியும் கருத்துச் சொற்கள் (கலித்தே, செக்யூரித்தே) பெண்பால், ஆனால் கொமித்தே ஆண்பால். உங்கள் அலுவலகத்தில் எத்தனை கமிட்டி இருக்கிறதோ அத்தனை முறை இந்த ஒரு விலக்கு வரும், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சொல் கிடைக்காமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: விஷயத்தை ஆங்கிலத்தில் படித்திருப்பீர்கள், பிரெஞ்சில் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு அகராதியை விழுங்க வேண்டாம். ஒரு நோட்டில் உங்கள் பிரிவுக்கு வேண்டிய 40 சொற்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் உங்கள் சக ஊழியர்கள் நிஜமாகவே என்ன சொல்கிறார்களோ அது. மினிட்ஸ் எழுதும் நாட்களில் இதைக் காதால் கேட்டே நிரப்பலாம். பல சொற்களுக்கு வலப்பக்கமும் ஆங்கிலச் சொல்லே வருவதைப் பார்ப்பீர்கள்: “ல டெண்டர்” என்று எல்லாரும் சொல்லும் அறையில் நீங்கள் மட்டும் பாரிஸ் சொல்லைத் தேடித் திணற வேண்டியதில்லை. மூன்று சொற்களில் மட்டும் கவனம். ‘தெலே’ என்றால் தாமதம் அல்ல, கொடுக்கப்பட்ட காலக்கெடு. “தெலே 10 நாள்” என்பதை மினிட்ஸில் 10 நாள் தாமதம் என்று எழுதிவிட்டால் ஒப்பந்தக்காரருக்கும் உங்களுக்கும் சண்டை. ‘எவான்த்யுயெல்மான்’ என்றால் கடைசியில் என்று பொருள் அல்ல, தேவைப்பட்டால், ஒருவேளை என்றுதான். ‘தமான்தே’ என்றால் அதட்டிக் கேட்பது அல்ல, சும்மா கேட்பது.

இப்போது வியாழக்கிழமை. தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள். நேரம் போகப் போக முதல் வாக்கியத்தின் எடை கூடும். முக்கால் மணி நேரம் மௌனமாக இருந்துவிட்டு வாய் திறந்தால் எல்லாத் தலையும் திரும்பும். முதல் வாக்கியம் கருத்தாக இருக்க வேண்டாம், நடைமுறையாக இருக்கட்டும்: “ஜ ரவியான் ஸ்யூர் ல ப்வான் தே”, இரண்டாவது விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். “ஜ வூத்ரே அஜூத்தே அன் ப்வான்”, ஒரு விஷயம் சேர்க்க விரும்புகிறேன். “சி ஜே பியான் கொம்ப்ரி”, நான் புரிந்துகொண்டது சரியென்றால். இந்த மூன்றும் நாக்கில் தூங்கும்போதும் வர வேண்டும். வாசல் கதவு திறந்துவிட்டால் உள்ளே நடப்பது கஷ்டமில்லை. கணக்கு விவரம் வரும்போது, “பூர் லே ஷிஃப்ர், ஜ பாஸ் ஆ லாங்லே” என்று அறிவித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். அறிவித்துவிட்டு மாறுவதற்கும், திணறிக்கொண்டே நழுவுவதற்கும் வித்தியாசம் பெரிது. மீட்டிங் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். இங்கே நமக்குள் ஆங்கிலத்தில் பேசினால் விறைப்பாக இருக்கும், பிகு பண்ணுகிறார் என்ற பேர் வரும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேச்சுக்கு முன்னால் “என் பிரெஞ்சு மோசம், மன்னியுங்கள்” என்று ஒரு போதும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டவர் அடுத்த ஐந்து நிமிடம் விஷயத்தை விட்டுவிட்டுப் பிழையை எண்ணிக்கொண்டிருப்பார். உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலும் இதையேதான் செய்திருக்கிறீர்கள், தமிழுக்காக. கடிதத்தில் இரண்டு சந்திப் பிழை இருந்தது, பொருள் ஒன்றும் கெடவில்லை.

திருத்தும் அந்த ஊழியரை என்ன செய்வது? இடையில் திருத்தினால், திருத்திய வடிவத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லி, அதே மூச்சில் வாக்கியத்தைத் தொடருங்கள். நன்றியும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். மூன்று விநாடியில் முடிந்துபோகும் விஷயத்தை நம் முகம்தான் மூன்று நிமிடமாக்குகிறது. திரும்பவும் குறுக்கிட்டால் “லெஸே முவா ஃபினீர் மா ஃப்ராஸ்”, என் வாக்கியத்தை முடிக்க விடுங்கள். இதைத் தணிந்த குரலில் சொல்லப் பழகுங்கள். மீட்டிங் முடிந்து தனியாகப் பார்க்கும்போது ஒரு பேரம் பேசலாம்: பொருள் மாறும் பிழையாக இருந்தால் மட்டும், பிறகு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தாருங்கள். நல்லெண்ணத்தோடு திருத்துபவர் சம்மதிப்பார். சம்மதிக்காதவர் திருத்துவது உங்களுக்காக அல்ல, அறைக்காக.

சிரிப்பு தொடர்ந்தால் தேதி, மீட்டிங், சொன்ன சொல், கூட இருந்தவர்கள் என்று குறித்து வைத்து மேலதிகாரியிடம் தனியாகச் சொல்லுங்கள். சட்டத்தைப் பற்றி மிகைப்பட்ட நம்பிக்கை வேண்டாம்: 2008ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டம் பாகுபாட்டுக்கான காரணங்களாக வயது, சாதி, நிறம், சமயம், இன வழி, பிறப்பிடம், பால் போன்றவற்றைப் பட்டியலிடுகிறது, மொழி அந்தப் பட்டியலில் இல்லை. உச்சரிப்பைக் கேலி செய்வது உங்கள் இனத்தைக் கேலி செய்வதாகப் போகும்போதுதான் அந்தக் கதவு திறக்கும்.

இதெல்லாம் உங்கள் பக்கத்து வேலை. ஆனால் ஒருவரை மட்டும் பயிற்றுவித்து அறையை அப்படியே விட்டால் அரைகுறைதான். கனடாவில் 1969 முதல் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றுக்கும் ஏ, பி, சி என்று நிலை போட்டுத் தேர்வு வைக்கிறார்கள், தேர்ச்சி 5 ஆண்டுக்குச் செல்லும், இருமொழிப் படியாக ஆண்டுக்கு 800 டாலர் கொடுக்கிறார்கள். அந்தத் தொகை 1977 முதல் மாறவே இல்லை என்பது அங்குள்ள ஊழியர்களின் நிரந்தரப் புலம்பல். இத்தனை ஏற்பாடு இருந்தும், அங்குள்ள ஆட்சிமொழி ஆணையர் ஏறத்தாழ 11,000 ஊழியர்களிடம் கேட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வின் பேச்சு முழுவதும் உங்கள் பிரச்சினைதான். இரண்டாம் மொழியில் தடுமாறுபவர்களோடு, தாய்மொழியான பிரெஞ்சிலேயே பேசத் தயங்குபவர்களும் அதில் இருந்தார்கள். தேர்வில் தேறுவதும் அறையில் பேசுவதும் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அங்கேயும், சுவிட்சர்லாந்தின் மத்திய அலுவலகங்களிலும், பலன் தரும் வழக்கம் ஒன்று உண்டு: ஒவ்வொருவரும் தனக்கு வரும் மொழியில் பேசுவது, மற்றவர் மொழியைப் புரிந்துகொண்டால் போதும் என்று வைப்பது.

உங்கள் தலைவரிடம் கேட்க வேண்டியதும் இதுதான், பெரிய கொள்கை மாற்றம் அல்ல. மீட்டிங் தொடங்கும்போது “ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல், எதில் வேண்டுமானாலும் பேசலாம்” என்று அவர் வாயால் ஒரு வரி. பேசவிருக்கும் விஷயப் பட்டியல் முந்தின நாளே கைக்கு வருவது. ஒவ்வொரு முடிவையும் ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது. தலைவரே நடுவில் ஒரு வாக்கியம் கிரியோலில் சொன்னால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். எழுதிவைத்த அனுமதியைவிட அது வேகமாக வேலை செய்யும். கிரியோல் உடைந்த பிரெஞ்சு அல்ல: 2011இல் ஏற்கப்பட்ட எழுத்துமுறை இருக்கிறது, 2012 முதல் ஆரம்பப் பள்ளியில் பாடமாகவும் இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. மேலதிகாரியிடம் கிரியோல் பேசும்போது ‘தோ’ (நீ) வேண்டாம், ‘ஊ’ (நீங்கள்) என்றே அழையுங்கள். பதற்றத்தில் மொழி மாறும்போது இந்த மரியாதைதான் முதலில் நழுவும்.

எழுத்தில் ஒரு சின்னத் தொல்லை, ஆனால் தினமும் குத்துவது. ஆங்கில அறிக்கையில் ஒரு பத்தி பிரெஞ்சு வந்தால் வேர்ட் அதன் கீழே முழுக்கச் சிவப்புக் கோடு போடும், நீங்களும் எல்லாமே பிழை என்று நினைத்துவிடுவீர்கள். அந்தப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பகுதியில் லாங்க்வேஜ் போய், பிரெஞ்சு என்று மாற்றுங்கள். சிவப்பு மறைந்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான பிழை. பிரெஞ்சுக் கடிதத்தில், முன்பின் தெரியாத அதிகாரிக்கு ‘ஷேர்’ என்று தொடங்காதீர்கள்; ஆங்கில ‘டியர்’ எல்லாருக்கும் போடலாம், ‘ஷேர்’ அப்படி அல்ல. “மொஸ்யே ல திரெக்தேர்” என்று பதவியைச் சொல்லித் தொடங்கினால் போதும்.

நேர்முகத்துக்கு எந்த மொழி என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அது அதிகப்பிரசங்கம் ஆகாது. உங்கள் வேலையைப் பற்றிய ஐந்து பதில்களை ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம் வருமாறு இரண்டு மொழியிலும் பேசிப் பதிவுசெய்து பழகுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் சரியும்.

வகுப்பில் சேரட்டுமா என்றீர்கள். போர்ட் லூயிஸ் பெல் வில்லேஜில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் நல்லவைதான், ஆனால் தொடக்க நிலை இலக்கணத்தில் உட்காரவைத்தால் மறுத்துவிடுங்கள். தெரிந்ததையே திரும்பக் கற்பது பயத்தை வளர்க்கும். சான்றிதழ் வேண்டும் என்று தோன்றினால் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் பி2 நிலை பொருத்தமானது. நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. அதன் பேச்சுப் பகுதியில் ஒரு சிறு செய்தியைக் கொடுப்பார்கள், அரை மணி நேரம் தயாரிப்பு, பிறகு 20 நிமிடம் போல உங்கள் கருத்தைச் சொல்லி, எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லி, நிலைநாட்ட வேண்டும். வியாழக்கிழமை மீட்டிங்கில் நடப்பதும் ஏறத்தாழ அதுவேதான் என்பதால், பேச்சுப் பகுதிக்கு மட்டும் தனிப் பயிற்சி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.